லைசென்ஸ் இல்லாத ஓட்டுநருக்கு ஐம்பது சதவீதம்

ஒரு கம்பெனிக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. நான் சொல்லவில்லை, வாகனக் காப்பீட்டு விதிகள் சொல்கின்றன. சொந்தப் பெயரில் கார் வைத்துத் தானே ஓட்டுபவர் தனக்கும் ஒரு விபத்துக் காப்பீடு எடுத்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் தொடர்ச்சியாக 2018-இல் அந்தத் தொகை 15 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று முடியும் பெயர் இருந்தால் இந்தக் காப்பீடு கிடையாது. கம்பெனிக்குக் கையில்லை, ஸ்டியரிங் பிடிக்காது. காலில்லை, பிரேக் மிதிக்காது, விபத்தில் அந்தக் கால் முறியவும் முறியாது என்று காப்பீட்டுக்காரர்கள் மிகச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். இவ்வளவு கண்டுபிடித்தவர்கள், அதே கம்பெனி ஓராண்டு கிளைம் எதுவும் கேட்காமல் கழித்தால் 20 சதவீதம் போனஸ் தருகிறார்கள். ஐந்தாண்டு அப்படி இருந்துவிட்டால் பாதிக்குப் பாதி. காலே இல்லாதவர் பிரேக்கை ஒழுங்காக மிதித்ததற்காக!

கம்பெனிக்குக் கிடைப்பதில் எனக்கு வயிற்றெரிச்சல் எதுவும் இல்லை. பிரச்சினை, கம்பெனி காரை உண்மையிலேயே ஓட்டுகிற, கைகால் உள்ள மனிதருடையது. ஜி.எஸ்.டி. சாலையில் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் வரிசையில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்து, கார் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்து, நாலு மெஷின் எட்டானதும் ஆடிட்டர் பேச்சைக் கேட்டு பிரைவேட் லிமிடெட் ஆனவர்கள். அடுத்த காரை வாங்கும்போது ஆடிட்டர் மறுபடியும் வாய் திறப்பார். கம்பெனி பெயரில் எடுத்தால் தேய்மானம் 15 சதவீதம், கடனுக்கு வட்டி, டீசல், டிரைவர் சம்பளம் எல்லாமே கணக்கில் செலவு. சரியென்று முதலாளி பழைய காரை விற்கிறார். ஐந்தாண்டு கிளைமே போடாமல் அந்தக் காரில் சேர்த்த 50 சதவீத என்.சி.பி., அதாவது நோ கிளைம் போனஸ், கையில் இருக்கிறது. புதுக் காருக்கு அதைப் போடச் சொன்னால் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், “சார், ஆர்.சி.ல பேர் மாறிடுச்சு. சிஸ்டம் எடுத்துக்காது” என்கிறார். அதே மனிதர், அதே வீடு, அதே வழி, காலையில் அதே லெவல் கிராசிங் எரிச்சல். சிஸ்டத்துக்கு அவர் ஆள் வேறு.

பணம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் ஆண்டுக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதம் கழிந்தால் 10,000 மிச்சம். அதன்மேல் விழுந்திருக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 11,800. (ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டுவதற்கு ஜி.எஸ்.டி. கட்டுவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.) தர்ட் பார்ட்டி பிரீமியத்தில் இந்தப் போனஸ் ஒரு காசு குறைக்காது. அது அரசு அறிவிக்கும் தொகை. 2022 ஜூன் முதல் 1500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு 7,897 ரூபாய். மகானுக்கும் அவ்வளவுதான், மோதித் தள்ளுபவருக்கும் அவ்வளவுதான்.

சிஸ்டம் ஏன் எடுத்துக்கொள்ளாது என்பதற்கான விதி 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண நூலில், 27-ஆம் பொது விதியாக இருக்கிறது. 20, 25, 35, 45, 50 என்ற படிக்கட்டு அதிலிருந்து வந்ததுதான். 2007-இல் சொந்தச் சேதப் பிரீமியத்தை நிறுவனங்களே தீர்மானிக்கலாம் என்று அவிழ்த்துவிட்ட பிறகும் படிக்கட்டு அப்படியே நிற்கிறது. போனஸ் வண்டியைச் சேர்ந்ததல்ல, பாலிசியைச் சேர்ந்ததும் அல்ல, காப்பீடு செய்தவரைச் சேர்ந்தது என்கிறது அந்த விதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஒழுங்காக ஓட்டியவர் தன் ஒழுக்கத்தைத் தன்னோடு எடுத்துப்போகலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த வாசகத்தில் ஓட்டியவர் என்று ஒருவர் வரவில்லை. வருவது பெயர் மட்டும்.

முப்பது வருஷமாக அடுத்தவர் கார்களைக் கீறல் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் ஆக்டிங் டிரைவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கில் இருக்கும் என்.சி.பி. பூஜ்யம். கடைசியில் கடன் வாங்கி ஒரு பழைய கார் வாங்கினால், நேற்று எல் போர்டைக் கழற்றிய கல்லூரிப் பையன் கட்டும் பிரீமியத்தைத்தான் அவரும் கட்டுவார். பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வந்த முதலாளிக்கு 50 சதவீதம். தூக்கத்தில் அவர் எதிலும் மோதவில்லை என்பது உண்மைதானே. அடுத்து, காப்பீடு செய்தவர் காலமாகி, கார் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரில் ஒருவர் கைக்குப் போனால் போனஸும் கூடவே போகும். துக்க வீட்டுக்கு ஓர் ஆறுதல்; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவின் நிதானம் பையனுக்குச் சட்டப்படி வாரிசுச் சொத்தாக வந்து சேர்ந்ததை எந்த அப்பாவும் உயிரோடு இருந்து பார்த்ததில்லை.

வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2015-இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு வீட்டுக்குள் வந்தது. போர்ட்டிகோவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய கார், அசையாமல் நின்ற இடத்திலேயே மூழ்கியது. அதற்கு கிளைம் போட்டவரின் என்.சி.பி., அதற்குத் தனியாகப் பாதுகாப்பு வாங்கி வைக்காவிட்டால், ரினீவலில் பூஜ்யம். அதே காலத்தில் பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை இடமும் வலமுமாக நெளிந்து பறந்து, மற்றவர்கள் பிரேக் பிடித்த புண்ணியத்தில் தப்பித்தவருக்குப் போனஸ் ஒரு படி ஏறியது. அந்தப் போனஸில் பாதியாவது பிரேக் பிடித்தவர்களுக்குச் சேர வேண்டியது. ஆக, இந்தத் தள்ளுபடி அளப்பது ஓட்டும் திறமையை அல்ல. ஒரு பெயருக்கு எதிரே கிளைம் என்று எதுவும் எழுதப்படவில்லை என்பதை மட்டும். பம்பர் நெளிந்தால் டிங்கரிங் கடைக்காரரிடம் கைக்காசு கொடுத்துச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளும் பழக்கமும் அதில் சேர்த்தி.

இதோடு விட்டிருந்தால் நானும் ஏஜென்டின் சிஸ்டத்தோடு சமாதானமாகியிருப்பேன். பெயர்தான் அளவுகோல் என்றால் பெயர் மாறியதும் போனஸ் போவது நியாயம்தான். ஆனால் அதே 27-ஆம் விதிக்குள் ஓர் உட்பிரிவு உட்கார்ந்திருக்கிறது. நிறுவனத்துக்குச் சொந்தமான காரை ஓர் ஊழியருக்கு ஒதுக்கி, அவர் மட்டுமே ஓட்டிவந்து, பிறகு அந்தக் கார் அவர் பெயருக்கே மாறினால், அந்தக் காலத்தில் சேர்ந்த போனஸை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். தேவைப்படுவது நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம்: இந்தக் காலம் முழுக்க இவருக்குத்தான் ஒதுக்கியிருந்தோம், இவர் மட்டுமே ஓட்டினார் என்று. இங்கே விதி, ஆர்.சி. புத்தகத்தைத் தாண்டி டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டது. பெயர் கம்பெனியுடையதாக இருந்தாலும் பிரேக் மிதித்த கால் யாருடையது என்று கேட்டு, அந்தக் காலுக்கே போனஸைக் கொடுத்துவிட்டது. வெளிநாட்டில் சேர்த்த போனஸையும், அங்கத்திய பாலிசி முடிந்த மூன்றாண்டுக்குள் இங்கே காப்பீடு எடுத்தால், ஆதாரம் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று அதே விதி இடம் தருகிறது. துபாயில் வலப்பக்கம் ஓட்டிச் சேர்த்த போனஸ் கடல் தாண்டி வந்து கூடுவாஞ்சேரியில் இடப்பக்கம் ஓட்டச் செல்லும். கூடுவாஞ்சேரியிலேயே சேர்த்தது, வீட்டிலிருந்து பட்டறைக்குப் போகாது. கம்பெனியிலிருந்து மனிதருக்குக் கதவு திறக்கும், மனிதரிடமிருந்து கம்பெனிக்குத் திறக்காது. என் வழக்கு இந்த ஒற்றைக் கதவைப் பற்றியது மட்டும்தான்: ஓட்டியது யார் என்று கேட்க விதிக்குத் தெரியும் என்றால், இரண்டு பக்கமும் கேட்கட்டும்.

ஆடிட்டரே எழுந்து மறுப்பார். கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். 1896-இல் சாலமன் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அதைத் தீர்த்துவைத்துவிட்டது. காப்பீட்டில் அதன் வலியை அனுபவித்தவர் மக்காரா. அயர்லாந்தில் தன் எஸ்டேட்டின் மரங்களைத் தன் கம்பெனிக்கே விற்றார். காப்பீட்டை மட்டும் தன் பெயரிலேயே வைத்திருந்தார். மரம் எரிந்தது. கம்பெனியின் மரம் எரிந்ததில் உனக்கென்ன நஷ்டம் என்று 1925-இல் அதே பிரபுக்கள் சபை கேட்டது. கம்பெனியே அவர்தான் என்பது எடுபடவில்லை, காசும் வரவில்லை. நம் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் ஒருபடி மேலே போய் ‘ஒரு நபர் கம்பெனி’ என்று ஒன்றை அனுமதித்தது. அதில் இருப்பது ஒரே ஒரு நபர்; சட்டக் கணக்கில் இருவர். வரிக்காக இரண்டு ஆளாகப் பிரிந்தவர், தள்ளுபடிக்காக மட்டும் ஒரே ஆளாக ஒட்டிக்கொண்டு வந்து நிற்பது என்ன நியாயம்? பலமான மறுப்பு, பாதியை ஒப்புக்கொள்கிறேன். தேய்மானம் கம்பெனிக்கு, டீசல் கம்பெனிக்கு, நல்ல பெயர் மட்டும் எனக்கு என்பது கொஞ்சம் அதிகம்தான். பட்டறை வெறும் புரொப்ரைட்டர்ஷிப்பாக இருந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. சட்டப்படி அங்கே போர்டும் முதலாளியும் ஒரே ஆள். ஆனால் மீதிப் பாதியில் நான் நகர மாட்டேன். தனி ஆள் என்ற தத்துவம் அவ்வளவு இறுக்கமானது என்றால் ஊழியருக்கான அந்த உட்பிரிவும் இருந்திருக்கக் கூடாது. கம்பெனி சம்பாதித்த போனஸ் கம்பெனியோடுதான் இருந்திருக்க வேண்டும். ஒரு தரம் திறந்த பிறகு அதைச் சுவர் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு காப்பீட்டுக்காரருடையது. கம்பெனி காரை இன்று முதலாளி ஓட்டுவார், நாளை அவர் மச்சான் ஓட்டுவார், மறுநாள் பேங்குக்குப் போன அக்கவுண்டன்ட் ஓட்டுவார். நியாயமான பயம்தான். வீட்டுக் காருக்கு மட்டும் அந்தப் பயம் ஏன் வருவதில்லை என்பதுதான் தெரியவில்லை. அப்பா பெயரில் இருக்கும் காரைச் சனிக்கிழமை இரவு மகாபலிபுரத்துக்கு ஓட்டிப்போவது யார் என்று எந்த நிறுவனமும் கேட்டதில்லை. லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம் என்பதுதான் நம் பாலிசியின் அடிப்படையே. பிரிட்டனில் பாலிசியில் ஓட்டுபவர் பெயரையும் எழுதிக்கொள்கிறார்கள். அங்கேயும் பல வருஷம் கம்பெனி கார் ஓட்டியவர் சொந்தக் காருக்கு வரும்போது வெறுங்கையோடு நிற்கும் சங்கடம் உண்டு. முதலாளியின் கடிதத்தைப் பார்த்துச் சில நிறுவனங்கள் மனம் இரங்குகின்றன. யார் எப்படி ஓட்டுகிறார் என்பதைக் கருவி வைத்து அளந்து பிரீமியம் போடவும் 2022 ஜூலையில் நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்துவிட்டது. அளக்க வழியில்லை என்ற சாக்கும் போயிற்று.

மூன்றாவது, ஒரே போனஸை வீட்டுக் காருக்கும் கம்பெனி காருக்கும் இரண்டு தரம் வைப்பார்கள் என்பது. வைப்பார்கள், சந்தேகமே இல்லை. அதற்குத் தடுப்பும் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. நிறுவனம் மாறி வருபவர் கையில் ஆதாரம் இல்லாவிட்டால், போனஸ் சரிதான் என்று உறுதிமொழி தர வேண்டும். புது நிறுவனம் 21 நாளுக்குள் பழைய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். உறுதிமொழி பொய்யானால் சொந்தச் சேதத்துக்கான பலன் முழுக்கப் பறிபோகும். “அதெல்லாம் பாத்துக்கலாம் சார், டிக் பண்ணிடுறேன்” என்று முதலாளியின் 50 சதவீதத்தைக் கம்பெனி பாலிசியில் ஏற்றிவிடும் ஏஜென்ட் உண்மையில் செய்வது 11,800 ரூபாய்க்குக் காரையே பணயம் வைப்பது. சர்வேயர் வரும் நாளில் அவர் செல்போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும்.

கதவு திறக்கும்வரை பட்டறை முதலாளிக்கு இருக்கும் வழிகள் சுமாரானவை. காரை விற்றதும் பழைய நிறுவனத்திடம் என்.சி.பி. கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால், பாலிசி முடிந்த தேதியிலிருந்து மூன்றாண்டுக்குள் சொந்தப் பெயரில் வாங்கும் காருக்கு அது செல்லும். மனைவி பெயரில் வாங்கினால் செல்லாது. அல்லது ஆடிட்டரின் முகம் வாடினாலும் பரவாயில்லை என்று காரைத் தன் பெயரிலேயே எடுக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் விதியின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். கம்பெனி பெயரில் காரை எடுத்து, பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ஐந்தாண்டு யாரையும் தொடவிடாமல் தானே ஓட்டி, பிறகு காரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். கம்பெனி சம்பளப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தால், ஊழியர் என்ற முறையில் போனஸ் கேட்கலாம். அப்போது ஒரு கடிதம் வேண்டும். இந்த ஊழியர்தான் காரை ஓட்டினார், வேறு எவரும் ஓட்டவில்லை என்று கம்பெனியின் சார்பில் டைரக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். டைரக்டர் அவர்தான். லெட்டர்ஹெட்டை எடுத்து, தன்னுடைய நிதானத்தைத் தானே நேரில் அறிந்திருப்பதாகத் தனக்குத் தானே எழுதி, சீல் வைத்து, பெற்றுக்கொண்டேன் என்று கீழே இன்னொரு கையெழுத்தும் போட்டுவிட்டால் சிஸ்டம் எடுத்துக்கொள்ளும்.