தாலினுக்குக் குளிரில் போகலாமா?

கே: எஸ்டோனியாவின் தாலின் நகரைப் பார்க்க நெடுநாள் ஆசை. பிப்ரவரியில்தான் லீவு கிடைக்கிறது. போகட்டுமா, கோடைவரை பொறுக்கட்டுமா?

ப: டிக்கெட் போடுங்கள். தாலின் கோடையில் அழகான ஊர்தான். ஆனால் அந்த ஊரை ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பது குளிரில் போனால்தான் விளங்கும். டிசம்பர் 21 வாக்கில் பகல் ஆறு மணி நேரம்தான்: ஒன்பதேகாலுக்கு உதயம், மூன்று இருபதுக்கு அஸ்தமனம். பிப்ரவரிக் கடைசியில் பகல் பத்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். அநேகமாகத் தரையில் பனியும் மிச்சமிருக்கும். உங்கள் ஆபீஸ் நல்ல மாதமாகப் பார்த்துத்தான் லீவு கொடுத்திருக்கிறது.

கே: பழைய நகரில் முதலில் எதைப் பார்ப்பது?

ப: 1404-இல் கட்டி முடித்த நகர மன்றத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைத் தேடவே வேண்டாம், எப்படி நடந்தாலும் அதன் முன்னால் உள்ள சதுக்கத்தில்தான் போய் நிற்பீர்கள். அங்கேயே ஒரு மூலையில் 1422-இலேயே இருந்த மருந்துக்கடை இன்றும் திறந்திருக்கிறது.

நீங்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியது வீடுகளை. ஹன்சா என்ற பழைய வணிகர் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் கட்டியவை. கூரை செங்குத்தாக இறங்கும், பனி தங்காமல் சரிந்துவிடும். முகப்பின் உச்சியில் ஓர் உத்தரம் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கப்பி மாட்டி மூட்டைகளை மேலே இழுத்தார்கள். உப்பும் தானியமும் மேல்மாடியில், மனிதர்கள் கீழே. கடல் உறைந்தால் கப்பல் வராதே! வசந்தம்வரை விற்கவும் தின்னவும் வேண்டியதெல்லாம் தலைக்கு மேலேயே இருந்தது.

முன்கட்டு வியாபாரத்துக்கு. பின்கட்டு அறைக்குத்தான் சூடு. அதைக் கொண்டுவந்த விதம் எனக்கு இன்றைக்கும் வியப்பு. தரைக்கு அடியில் அடுப்பு, அதன் மேல் குவியலாகக் கற்கள். விறகு எரிந்து புகையெல்லாம் போன பிறகு தரையில் உள்ள துவாரங்களின் மூடியைத் திறப்பார்கள். கல் வாங்கி வைத்த சூடு மட்டும் அறைக்குள் ஏறும். கன்னம் விறைக்கிற ஒரு நாளில் அந்தத் தெருவில் நின்று இதை நினைத்துப் பாருங்கள், சுவரே வேறு மாதிரி தெரியும்.

கே: ஒரு ஸ்வெட்டர் போதுமா?

ப: போதாது. சாதாரணமாகவே பூஜ்ஜியத்துக்குக் கீழே மூன்று நான்கு டிகிரி. சில நாள் மைனஸ் இருபதுக்கும் போகும். கடற்காற்று வேறு. உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் கூடாது. வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும், அந்த ஈரம்தான் நடுக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவே தடித்த கம்பளி, வெளியே காற்று புகாத கோட்டு. ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் கனத்த காலுறைக்கு இடம் இருக்கும். கையுறையை அங்கேயே வாங்குங்கள். வீரூ வாசலுக்குப் பக்கத்தில், மதில் ஓரமாகவே கம்பளிப் பின்னல் கடைகள் இருக்கின்றன.

கே: வழுக்குமா?

ப: வழுக்கும். எல்லாம் கல் பாவிய தெரு. ஷூவுக்கு அடியில் மாட்டுகிற ஆணி வைத்த ரப்பர் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மேலேயும் ஒரு கண் வேண்டும்: கூரை விளிம்பில் ஈட்டி மாதிரி பனிக்கட்டி தொங்கும். நடைபாதையை நாடா கட்டி மறித்திருந்தால் மறுபேச்சில்லாமல் எதிர்ப்பக்கம் போய்விடுங்கள்.

கே: அங்கே எல்லோரும் கோட்டில் எதையோ தொங்கவிட்டிருக்கிறார்களாமே, வேண்டுதலா?

ப: சட்டம். ‘ஹெல்குர்’ என்று பெயர். ஒளி பட்டால் பளிச்சிடும் சின்ன பிளாஸ்டிக் வில்லை. ஊக்கும் கயிறும் கோத்துத் தொங்கவிடுவார்கள். இருட்டில் நடப்பவர் இதை அணிந்தாக வேண்டும். முதல் மாலை நான் அது இல்லாமல் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையைத் துழாவி, பனித்துளி வடிவத்தில் ஒன்றை எடுத்து, குனிந்து என் கோட்டின் ஓரத்தில், முழங்கால் உயரத்தில் குத்திவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வில்லை இன்னும் என்னிடம் இருக்கிறது.

கே: தாலினுக்குக் கால் ஊனம் என்கிறார்களே?

ப: கீழூரிலிருந்து டோம்பெயா குன்றுக்கு ஏறும் இரண்டு வழிகளின் பெயர் ‘நீளக் கால்’, ‘குட்டைக் கால்’. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்றால் ஊர் நொண்டத்தானே செய்யும் என்பது அவ்வூர்க்காரர்களின் சொந்த வேடிக்கை. பனி விழுந்த மறுநாள் குட்டைக் கால் வழியாக இறங்காதீர்கள்.

கே: சைவம் கிடைக்குமா?

ப: கறுத்த கம்பு ரொட்டி என்று சிலர் எழுதுகிறார்கள், அது கம்பு அல்ல, ரை என்ற தானியம். லேசான புளிப்பு. வெண்ணெய் தடவினால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாயன்று போய்ச் சேர்ந்தால் க்ரீம் நிரப்பிய பன் ஊரெங்கும் கிடைக்கும். கூடவே தரும் பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி போடுவது வழக்கம், கேட்டு வாங்குங்கள். 1864-இல் தொடங்கிய மையஸ்மோக் காபிக் கடையில் பாதாம் விழுதில் செய்த மார்சிபான் பொம்மைகளைக் கண்ணாடிக்குள் பாருங்கள். அப்புறம் தின்ன மனம் வராது.

கே: உறைந்த கடல்மேல் கார் ஓட்டுவது உண்மையா?

ப: உண்மை, தாலினில் அல்ல, மேற்குத் தீவுகளுக்கு. எல்லா வருஷமும் அல்ல, பனி போதிய கனத்துக்கு உறைந்தால் மட்டும். அங்கே சீட் பெல்ட் போடக் கூடாது. பனி உடைந்தால் உடனே வெளியே பாய வேண்டுமே! மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் 40 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட வேகத்திலும் போகக் கூடாது. அந்த வேகத்தில் பனிக்கு அடியில் அலை எழும்பி, அதுவே பாதையை உடைத்துவிடும்.

கே: ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால்?

ப: பிப்ரவரி 24-ஆக இருக்கட்டும். 1918-இல் எஸ்டோனியா சுதந்திரம் அறிவித்த நாள். விடியும் முன்பே டோம்பெயாவுக்கு ஏறிவிடுங்கள். ‘நெட்டை ஹெர்மன்’ கோபுரத்தின் அடியில் கூட்டம் நிற்கும். தாத்தாக்கள், தோளில் குழந்தையோடு அப்பாக்கள். ஏழரை மணி வாக்கில் சூரியன் எட்டிப் பார்க்கும்போது நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடி மேலே ஏறும். சோவியத் ஆட்சி இன்னும் முடியாத 1989-இல், இதே தேதியில், இதே கோபுரத்தில் அந்தக் கொடி திரும்ப ஏறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். தேசிய கீதம் தொடங்கும்போது எல்லோரும் தொப்பியைக் கழற்றுவார்கள், அந்தக் குளிரிலும். நீங்களும் கழற்றுங்கள்.