சீனத் தொடர்களில் வாய்வழிச் செந்நீர்: கொல்லிமலையை முன்வைத்து ஓர் உயராய்வு

ஆய்வுக் கட்டுரையின் முதல் வரி ‘தொன்றுதொட்டு’ என்று தொடங்க வேண்டும் என்பது மரபு. ஆகவே: தொன்றுதொட்டு மனிதன் சீனத் தொடர்களைப் பார்த்து வருகிறான். இதற்குச் சான்று கிடையாது. முதல் வரிக்குச் சான்று கேட்கும் பழக்கம் நம் கல்விப்புலத்தில் இல்லாததால் மேலே செல்வோம்.

ஆய்வு நோக்கம் வருமாறு. இவ்வாய்வாளருக்குச் சீனத் தொடர்களும் சீனப் பாட்டுகளும் பிடிக்கும். இதை ஒரு வரியில் சொன்னால் ‘வேற வேலை இல்லையா’ என்பார்கள். இருநூறு பக்கத்தில் சொன்னால் முனைவர் பட்டம் தருவார்கள்.

ஆய்வு எல்லை: நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை, செம்மேட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு திண்ணை. அதன் எதிரிலுள்ள பலாமரத்தடியில் மட்டும் செல்போனுக்கு டவர் கிடைக்கும் என்பதால், மழைக்காலத்தில் ஆய்வு எல்லை குடையளவாகச் சுருங்கும். கீழே சேந்தமங்கலம் போகும்போது மொத்தமாக டவுன்லோடு செய்துகொண்டு வருவது இவ்வாய்வின் தரவு திரட்டும் முறை. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனவர்களும் தரவோடு திரும்பியதுண்டு.

முன்னாய்வுகளைப் பொறுத்தவரை, பெய்ஜிங்கிலிருந்து சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இல் தொடங்கிவிட்டது. சீனர்களே தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு, நம்மைவிடத் திருத்தமான தமிழில் செய்தி வாசித்தார்கள். தமிழ்நாட்டு ஊர்களில் அதற்கு நேயர் மன்றங்கள் இருந்தன. சிற்றலையில் கரகரவென்று வந்த சீனப் பாட்டைக் கேட்டுவிட்டு எங்கள் மாமா கடிதம் எழுதிப் போடுவார். பாட்டு புரிந்ததா என்று கேட்டால், ‘கரகரப்பு போக மீதி புரிஞ்சுது’ என்பார். இத்துறையின் தோற்றுநர் அவரே. பிற்காலத்தில் 2020 ஜூனில் கியூகியூ மியூசிக் செயலியும் நவம்பரில் வீடிவி, மேங்கோ டிவி செயலிகளும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. பாட்டுக்கு முதலிலும் கதைக்குப் பிறகும் கதவடைத்த இந்த வரிசையை, இயலுக்கு முன் இசையை வைத்த புதிய முத்தமிழ்ப் பாகுபாடாகக் கொள்ளலாம். யூடியூப் இருக்கும்வரை ஆய்வு தடைபடாது.

போதிதர்மர் இக்கட்டுரையில் இடம்பெற மாட்டார். சீனாவைப் பற்றித் தமிழில் எதை எழுதினாலும் மூன்றாம் பத்தியில் காஞ்சிபுரத்திலிருந்து அவரைக் கிளப்பி அனுப்புவது 2011இல் வந்த ‘7ஆம் அறிவு’ படத்துக்குப் பிறகு கட்டாயமாகிவிட்டது. அவர் ஒன்பதாண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் என்பார்கள், அவரை விட்டுவிடுவோம்.

இனி எண்ணியல் சான்று. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. சியன்லோங் பேரரசரின் அந்தப்புரத்தில், அக்காளின் சாவுக்குக் காரணம் தேடி நுழையும் பணிப்பெண் கதையான ‘ஸ்டோரி ஆஃப் யான்ஷி பேலஸ்’ (2018) இணையத்தில் வந்தபோது எபிசோடுகள் 70. இது தற்செயல் என்பவர் ஆய்வுலகுக்குத் தகுதியற்றவர். இரண்டிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது. இரண்டிலும் பாதியில் குமட்டும். இரண்டிலும் இறங்கிவிடலாமென்று தோன்றும்போது இறங்க முடியாத இடத்தில் இருப்போம். சீன ஒலிபரப்பு வாரியம் 2020 பிப்ரவரியில் ஒரு தொடர் 40 எபிசோடுக்கு மிகக் கூடாது, 30க்குள் முடித்தால் நல்லது என்று அறிவுறுத்தியது. இவ்விதியைக் கொல்லிமலைக்குப் பொருத்தினால் பேருந்து நாற்பதாம் வளைவில் நின்றுவிடும்; மிச்ச மலை அடுத்த சீசனில். ‘கோலங்கள்’ 1,500 எபிசோடுக்கு மேல் ஓடிய நாட்டில் இந்த வாரியத்தார் ஒரு வாரம் தங்கினால் மனம் மாறக்கூடும்.

திணை ஒதுக்கீடு ஆய்வாளரை நெடுநாள் உறங்கவிடவில்லை. வாளின் மீது ஏறிப் பறக்கும் தவசிகள், பனி, அருவி, மூங்கில் என்று முதல், கரு, உரி மூன்றும் குறிஞ்சி. ஆனால் சீனப் பழம்பாணிப் பாட்டுகள் பெரிதும் ஐந்து சுரத்தில் நடப்பவை. நம் காதுக்கு மோகனமாகவே விழும். மோகனமோ சிலப்பதிகாரத்து முல்லைத்தீம்பாணி என்பர் இசை ஆய்வாளர். நிலம் குறிஞ்சி, பண் முல்லை. ஆகவே திணை மயக்கம். (மயக்கம் என்று ஒரு வகை வைத்தவர் கெட்டிக்காரர், பொருந்தாததையெல்லாம் அதில் போட்டுவிடலாம்.) தைவானின் ஜே சௌ 2007இல் பாடிய நீலப் பீங்கான் பாட்டை எங்கள் மிளகுக் கொடியடியில் நின்று கேட்டால் எந்தத் திணையும் நினைவுக்கு வருவதில்லை, ஆனால் அதை எழுதினால் இது கட்டுரை ஆகாது.

யாழ் ஒப்பீட்டையும் முடித்துவிடலாம். சீன குஜெங்குக்கு 21 தந்தி. நம் பேரியாழுக்கு 21 நரம்பு. சீன குச்சினுக்கு ஏழு. நம் செங்கோட்டி யாழுக்கு ஏழு. இதைக் கண்டதும் ஓர் ஒப்பிலக்கிய ஆய்வாளர் எழுந்து நின்று கைதட்டுவார். குஜெங்குக்கு 21 என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் நிலைத்தது என்பதை அவர் அடிக்குறிப்பில்கூடச் சொல்ல மாட்டார். நானும் சொல்லாமலேயே இருந்திருக்கலாம்.

எஞ்சிய கூறுகள் சுருக்கமாக: கதாநாயகி தடுக்கி விழுந்தால் தரையைத் தொட்டதில்லை. ஆண் வேடமிட்ட பெண்ணைப் பெற்ற தாயும் அடையாளம் காண்பதில்லை. இரண்டாம் கதாநாயகன் நல்லவன், ஆகவே குடை பிடிப்பான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாக வன்பரணர் பாடிய எங்கள் வல்வில் ஓரி, சீனத் தொடரில் நடிக்க வேறு பயிற்சி எதுவும் தேவைப்படாத ஒரே தமிழ் மன்னன். சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவைக்கு அந்தப்புரத் தொடர்களில் நிரந்தர வேலை உண்டு.

இப்போது நம் பொருளுக்கு வருவோம்: வாய்வழிச் செந்நீர்.

சீன வரலாற்றுத் தொடர் பார்த்தவர் எவரும் இதை அறிவார். நெஞ்சில் அடிபட்டாலும், மனம் நொந்தாலும், காதலி வேறொருவனோடு தேநீர் குடித்தாலும் கதாநாயகன் இரத்தம் கக்குவான். அது மூவகை. கடைவாயில் ஒற்றைக் கோடாக இறங்குவது ஒழுக்கு. எதிரே நிற்பவர் சட்டைவரை போவது தெளிப்பு. கைக்குட்டையில் வாங்கி, பார்த்து, மடித்து, காதலிக்குத் தெரியாமல் மறைப்பது கரப்பு. ‘நிர்வாணா இன் ஃபயர்’ (2015) தொடரின் மெய் சாங்சூ 54 எபிசோடிலும் அரசியல் சூழ்ச்சி செய்துகொண்டே இருமுவார். அவர் கரப்பு நிலையின் பேராசான். மூவகைக்கும் பொதுவிதி ஒன்று: கக்குபவர் வெள்ளை உடுத்தியிருப்பார்.

இதன் இலக்கிய வேர் ஆழமானது. ‘மூன்று அரசுகளின் கதை’யில் படைத்தலைவன் சௌ யூ மலைமேல் நின்று எதிரிக் கப்பல்களைப் பார்க்கிறான். காற்றில் கொடித்துணி வந்து முகத்தில் உரச, தன் திட்டத்துக்கு வேண்டிய திசையில் காற்று வீசவில்லை என்பது உறைக்கிறது. உடனே இரத்தம் கக்கிச் சாய்கிறான். வேண்டிய திசையில் காற்று வீசாததற்கே கக்கியவர்கள் காதல் முறிந்தால் சும்மா இருப்பார்களா?

ஆனால் அது இரத்தம்தானா என்ற அடிப்படை வினாவை உலகில் முதலில் எழுப்பியவர் என் அம்மாயி. ‘இவன் வெத்தலை போட்டிருக்கான் கண்ணு’ என்பது அவர் கூற்று (அம்மாயி, திண்ணை, மாலை). வெற்றிலைக் கோட்பாடு என இனி இது வழங்கப்பெறும்.

கோட்பாட்டின் முதற்கூறு நிறம். இரத்தமானால் நேரம் ஆக ஆகக் கறுக்க வேண்டும். திரையில் இருப்பதோ அடுத்த காட்சியிலும் செக்கச்செவேல் என்றிருக்கிறது. ‘சுண்ணாம்பு தூக்கல்’ என்று இதற்குக் காரணம் கண்டார் (அம்மாயி, அடுப்படி, இரண்டாம் உலை கொதிக்கும் முன்). இரண்டாம் கூறு உடல்நிலை. ஒரு படி இரத்தம் போனவன் எழுந்து பத்து நிமிடம் வசனம் பேசுவதில்லை, வெற்றிலை துப்பியவனுக்குத்தான் பேச வாய் ஒழியும் (அம்மாயி, மேலது, வெற்றிலைப் பெட்டி திறந்த நிலையில், மறுபதிப்பு: மறுநாள் காலை, வேலியோரம், பக்கத்து வீட்டாருக்காக விரித்தும் திருத்தியும்). மூன்றாம் கூறு ஒழுக்க இயல் சார்ந்தது. ‘வெள்ளைச் சட்டை போட்டவன் வெத்தலை போடக்கூடாது, போட்டா குனிஞ்சு துப்பணும். இவனுக்கு வளத்தவங்க சொல்லித் தரல’ (அம்மாயி, பலாமரத்தடி, மின்தடையின்போது, தொடரைப் பாராமலேயே நினைவிலிருந்து; காண்க: அடிக்குறிப்பு; அடிக்குறிப்பு மழையில் நனைந்தது).

மறுப்பாளர் இல்லாமல் கோட்பாடு வளராது. சித்தப்பா இருமல் பள்ளியைச் சேர்ந்தவர். கமல்ஹாசனின் ‘வாழ்வே மாய’மும் மோகனின் ‘பயணங்கள் முடிவதில்லை’யும் வெளிவந்த 1982ஆம் ஆண்டைத் தமிழ்த் திரையின் நோய்ப்பொற்காலம் என நிறுவி, காதலன் இருமினால் அது இரத்தமே, பாட்டுக்கும் அதுவே முன்னறிவிப்பு என்கிறார். அத்தையோ எங்கள் மலை மிளகைக் கடித்தாலும் இப்படித்தான் கண் கலங்கி வாய் சிவக்கும் என்று மூன்றாம் அணி தொடங்கினார். சோளக்காட்டுச் சந்தையில் வாழைத்தார் ஏலத்துக்கு நடுவே இது பேசப்பட்டு, கருத்தரங்கு மதிய உணவுவரை நீண்டது. குத்துவிளக்கு ஏற்றுவதும், துணைவேந்தரின் வாழ்த்துரையும், கட்டுரையாளருக்கு மூன்று நிமிடமும், எல்லாருக்கும் சான்றிதழும் இல்லாததால் அங்கே கட்டுரையை மக்கள் உண்மையாகவே கேட்டார்கள். இக்குறை அடுத்த முறை களையப்படும்.

அம்மாயி சீனாவில் வெற்றிலை பாக்கு உண்டா என்று கேட்டபோதுதான் ஆய்வு உச்சம் தொட்டது. உண்டு. ஹுனான் மாகாணத்தில் பாக்கு மெல்வது பெரும் பழக்கம். 40 எபிசோடு விதி சொன்ன அதே ஒலிபரப்பு வாரியம், 2021 செப்டம்பரில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் பாக்கு விளம்பரத்துக்குத் தடை விதித்தது. வாய்ப்புற்றுநோய் பயம் காரணம். ‘விளம்பரத்தத்தான் தடுத்தாங்க, இவன் வாயத் தடுக்கலையே’ என்றார் அம்மாயி. மேற்கோளை விளக்கவேண்டிய தேவை இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியது. ‘தி அன்டேம்டு’ (2019, 50 எபிசோடு) தொடரில் குகைக்குள் அடைபட்ட லான் வாங்ஜியை, வெய் ஊஷியென் வேண்டுமென்றே சீண்டி ஆத்திரப்படுத்துகிறான். அவன் கோபத்தில் இரத்தம் கக்குகிறான். அப்போதுதான் வெய் சொல்கிறான்: உள்ளே தேங்கிய கெட்ட இரத்தம், வெளியே வரட்டும் என்றுதான் சீண்டினேன். தேங்கிய இரத்தம் நோய் என்பது சீன மருத்துவத்தின் பழைய கொள்கை. இங்கே கக்குவது அன்பின் சிகிச்சை. வெற்றிலைக் கோட்பாடு இதை விளக்குமா? சித்தப்பா வெற்றிச் சிரிப்பு சிரித்தார். அம்மாயி ஒரு நாள் அவகாசம் கேட்டார். நான் ஆங்கில சப்டைட்டிலைப் படித்துத் தமிழில் சொல்ல, அதை அவர் பக்கத்து வீட்டுக்கு விரித்துரைக்கும் மூவடுக்கு உரைமரபில், மூலம் எங்கே நிற்கிறது என்பது எவருக்கும் தெரியாது. சீனத்திலேயே நடிகர் ஒருவர், குரல் வேறொருவர் என்பது வாடிக்கை. அந்தப்புரத் தொடர்களின் தாயான ‘ஜென் ஹுவான்’ கதையில் நாயகி சுன் லீ, பெரும்பகுதிக் குரல் ஜீ குவான்லின். எங்கள் திண்ணையில் நான்காவது குரல் சேர்வதில் தவறில்லை.

வாய்மொழித் தேர்வு மறுநாள் மாலை நடந்தது. புறத்தேர்வாளராக அத்தை வந்து, தேநீர் முடியும்வரை காத்திருந்து ஒரே கேள்வி கேட்டார். ‘தி அன்டேம்டு’ தொடருக்கு மோ ஷியாங் தோங் ஷியூ எழுதிய மூல நாவல் அந்த இரண்டு ஆண்களின் காதல் கதை; தொலைக்காட்சிக்கு வந்தபோது தணிக்கைக்காக அது நட்பாகிப் போனது. நான் இதை மரபு, பிறழ்வு, மௌனத்தின் அரசியல் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

‘அதெல்லாம் இருக்கட்டும். கடைசியில ரெண்டு பேரும் சேந்தாங்களா இல்லையா?’

நான் இரு தரப்புச் சான்றுகளையும் முன்வைக்கத் தொடங்கும்முன் அம்மாயி பாக்கை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்பளித்தார்: ‘ஆளுக்கொரு வெத்தலையப் போட்டு, ஒருத்தனுக்கொருத்தன் வாயத் தொடச்சு விட்டாச்சு. எங்க ஊர்ல இதுக்கு மேல நிச்சயதார்த்தம் ஏது?’