வேலை செய்யாவிட்டால் அதிர்ஷ்டம்

எடை குறைக்கும் மாத்திரையை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவரை நம் ஊரில் யாரும் தனியாக யோசிக்க விடுவதில்லை. பந்தியில் உட்கார்ந்தால் சாதக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி, "உங்களுக்குப் போடலாமா?" என்று ஊருக்கே கேட்கும்படி ஒருவர் உதவுகிறார். பெண் பார்க்க வந்த குடும்பம் கேசரியையும் பஜ்ஜியையும் காலி செய்து ஏப்பம் விட்டுக் கிளம்பி, மறுநாள் தரகர் மூலம் "பொண்ணு கொஞ்சம் புஷ்டியா இருக்கு" என்று சொல்லி அனுப்பி உதவுகிறது. அதே கூடத்தில் அமர்ந்திருந்த மாப்பிள்ளையின் தொப்பைக்குப் பெயர் வசதி. குண்டான ஆள் திரையில் நடந்து வந்தாலே சிரிக்க வேண்டும் என்று நம் சினிமா நம்மைத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கிறது. இத்தனை பேர் சேர்ந்து மிதித்து மெதுவாக்கிய பிறகுதான் மாத்திரை வியாபாரி வருகிறார். அவர் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான்.

ராத்திரி விளம்பரத்தில் வருவார். இல்லாவிட்டால் ரீல்ஸில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு. முப்பது நாளில் பதினைந்து கிலோ. டயட் வேண்டாம், நடக்க வேண்டாம், பிரியாணியை விட வேண்டாம். இடப்பக்கம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சோகமாக ஒரு பெண், வலப்பக்கம் அதே பெண் இளைத்து, கூடவே நிறமும் ஏறி, முடியும் வளர்ந்து. மாத்திரை கொழுப்போடு நிற்காமல் அழகு நிலைய வேலையையும் சேர்த்துச் செய்கிறது போலும். ஒரு டப்பா வாங்கினால் ஒன்று இலவசம். எல்லாம் நூறு சதவீதம் இயற்கை, பக்கவிளைவு அறவே இல்லை. அரளி விதையும் நூறு சதவீதம் இயற்கைதான். அதற்கும் பக்கவிளைவு கிடையாது, நேர் விளைவு மட்டும்தான்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்றது 2019-21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. முந்தைய கணக்கெடுப்பில் அது 30.9. சுகாதாரத் துறைக்கு இது கவலை தரும் எண். டப்பா வியாபாரிக்கு வாடிக்கையாளர் பட்டியல்.

இனி டப்பாவைத் திறப்போம். உலகத்தை இளைக்க வைக்கும் இந்தத் திருப்பணியில் தென்னிந்தியாவின் பங்கு அபாரம். நாம் பெருமைப்பட வேண்டாமா?

முதல் பெருமை கொடம்புளி. கேரளத்து மீன் குழம்பில் கறுப்பாகக் கிடக்குமே, அதேதான். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு செய்தவர்கள், அதன் புளிப்புக்குக் காரணம் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் என்று 1965-இல் எழுதினார்கள். நல்ல வேதியியல். அந்த அமிலம் உடலில் கொழுப்பு உருவாவதைத் தடுக்கக்கூடும் என்று பின்னால் ஓர் எண்ணம் பிறந்ததும் கொடம்புளி குழம்பிலிருந்து எழுந்து, கார்சீனியா கம்போஜியா என்று சட்டை மாற்றிக்கொண்டு விமானம் ஏறிவிட்டது. 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு சோதனை முடிவு வந்தது. 135 பேர், 12 வாரம். பாதிப் பேருக்குக் கொடம்புளி மாத்திரை, மீதிப் பேருக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை, எல்லோருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. கொடம்புளி தின்றவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரை தின்றவர்கள் 4.1 கிலோ. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ள முடியாது, இரண்டும் ஒன்றுதான் என்றார்கள் ஆய்வாளர்கள். சரி, ஒன்றென்றே வைத்துக்கொள்வோம். பிறகு எதற்கு ஒன்றை மட்டும் ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறான்? நியாயமாகப் பார்த்தால் அந்த வெற்று மாத்திரையை அல்லவா டப்பாவில் போட்டிருக்க வேண்டும்?

ஒரு சோதனை தோற்றால் சரக்கை எடுத்துக் கொட்டுவார்கள் என்று நினைப்பவருக்கு வியாபாரம் தெரியாது. அது தோற்றுப் பதினான்கு வருடம் கழித்து, 2012-இல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்டர் மெஹ்மத் ஆஸ் என்ற நிஜமான இருதய அறுவை நிபுணர் கொடம்புளியைப் புகழ்ந்தார். சரக்கு பறந்தது. 2014 ஜூனில் செனட் குழு முன் உட்கார வைத்து, ஏனய்யா இப்படி மந்திரம் போல் பேசுகிறீர் என்று செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் அவரைக் கிழித்தெடுத்தார். அப்படிக் கிழிபட்டவர் ஒழிந்து போயிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அமெரிக்க அரசின் மெடிகேர், மெடிகெய்ட் மருத்துவக் காப்பீட்டு நிர்வாகத்துக்கு 2025 முதல் அவர்தான் தலைவர்.

இரண்டாவது பெருமை பெங்களூருக்கு. பச்சைக் காப்பிக்கொட்டைச் சாறு தின்றவர்கள் 22 வாரத்தில் சராசரி 8 கிலோ இளைத்தார்கள் என்று 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தமே 16 பேர். ஒரு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்களே அதைவிட அதிகம். சோதனை நடந்தது பெங்களூரில், பணம் கொடுத்தது அந்தச் சாற்றை விற்கும் டெக்சாஸ் கம்பெனி. சோதனை நடத்தியவர் ஆட்களின் எடையைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினார், சோதனை எத்தனை வாரம் என்பதையும் மாற்றினார், யார் சாறு தின்றது யார் வெற்று மாத்திரை தின்றது என்பதிலேயே குழப்படி செய்தார் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. இப்படிச் சமைத்ததை யாரும் பிரசுரிக்க முன்வராதபோது, மூலத் தரவைக் கண்ணால் காணாத இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்களைப் பிடித்துத் திருப்பி எழுத வைத்தார்களாம். டயட்டும் உடற்பயிற்சியும் இல்லாமலே இளைக்கலாம் என்று விற்றார்களே, அந்தப் பதினாறு பேரிடமும் குறைவாகச் சாப்பிடுங்கள், உடற்பயிற்சியைக் கூட்டுங்கள் என்று சொல்லித்தான் சோதனையே நடத்தினார்களாம். 2014 செப்டம்பரில் கம்பெனி 35 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது, அக்டோபரில் கட்டுரையை வாபஸ் வாங்கினார்கள். பச்சைக் காப்பி மட்டும் வாபஸ் ஆகவில்லை. இன்றைக்கும் ஆன்லைனில் தட்டினால் நாளைக் காலை வீட்டு வாசலில் நிற்கும்.

மூன்றாவது நம் திருநெல்வேலிச் சீமை. உலகச் சந்தையில் டின்னவெல்லி சென்னா என்று பெயர் பெற்றது நம் நிலாவாரைதான், மலச்சிக்கலுக்குப் பாட்டி போட்டுக் கொடுத்த அதே இலை. கொடியிடைப் பெண் படம் போட்ட 'ஸ்லிம்மிங் டீ' பாக்கெட்டுகள் பலவற்றில் வேலை பார்ப்பது இதுதான். குடித்த மறுநாள் கழிப்பறைக்கும் கூடத்துக்குமாக நடந்துவிட்டு எடை மிஷினில் ஏறினால் முள் நிச்சயம் இறங்கியிருக்கும். போனது தண்ணீர். கொழுப்பு இருந்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது. இதை மாதக்கணக்கில் குடித்தால் உடம்பில் பொட்டாசியமும் சேர்ந்து போகும், பொட்டாசியம் போனால் இருதயம் தாளம் தப்பும். அதைப் பாக்கெட்டில் அச்சடித்தால் கொடியிடைப் படத்துக்கு இடம் போதாது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் பர்ஸை இளைக்க வைக்கும் சரக்குகள். சில மாத்திரைகள் உண்மையாகவே வேலை செய்யும். அங்கேதான் வயிறு எரிகிறது.

மூலிகை மாத்திரை தின்று ஒருவருக்குப் பசியே எடுக்கவில்லை, வாய் காய்கிறது, தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, எடையும் மளமளவென்று இறங்குகிறது என்றால், அது மூலிகையின் மகிமையாக இருப்பதைவிட சிபுட்ரமினாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பசியடக்கி மருந்து அது. இருதய நோயோ சர்க்கரையோ உள்ள ஏறத்தாழ 10,000 பேரிடம் நடத்திய ஸ்கவுட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து 16 சதவீதம் கூடுவது தெரிந்ததும் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடையைக் கட்டியது. இந்தியா 2011 பிப்ரவரியில் தடை செய்தது. தடை செய்த மருந்து எங்கே போகும்? மூலிகைக்குள் போகும். 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கலப்படம் என்று பிடித்த 776 சப்ளிமென்டுகளில் 317 எடை குறைப்புச் சரக்கு. அந்த 317-இல் நூற்றுக்கு 85 அளவில் சிபுட்ரமின். லேபிளில் இலை படம், உள்ளே விரட்டி அடிக்கப்பட்ட ரசாயனம். ஊர் ஊராக மருத்துவர்கள் வேண்டாம் என்று தூக்கி எறிந்ததைப் பொறுக்கி, பொடித்து, பச்சை நிறக் கேப்ஸ்யூலில் அடைத்து, கல்யாணத் தேதிக்குப் பயந்து நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் 'பாட்டி வைத்தியம்' என்று நீட்டுகிறான். எந்தப் பாட்டியடா உனக்கு ஆய்வகம் வைத்திருந்தாள்?

ஆக, இந்த டப்பாவை வாங்குகிறவருக்கு இரண்டே வழி. மாத்திரை வேலை செய்யாவிட்டால் பணம் போகிறது. வேலை செய்தால் என்ன போகும் என்று டப்பாவில் எழுதியிருக்காது.

இது புது வித்தையும் அல்ல. முதல் உலகப் போரில் பிரெஞ்சு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் கையாண்ட தொழிலாளர்கள் இளைத்தார்கள், சிலர் காய்ச்சலில் வெந்து செத்தார்கள். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிய உலகம் 1930-களில் அதை இளைக்கும் மாத்திரையாக விற்றது. கண் புரை விழுந்து, உடல் உள்ளுக்குள்ளேயே கொதித்துப் பலர் போன பிறகு 1938-இல் அமெரிக்கா அதற்கு முடிவு கட்டியது. கட்டியதாக நினைத்தது. 2015-இல் இன்டர்போல் அதே பொருளைப் பற்றி உலக நாடுகளுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது.

சட்டம் இல்லையா என்பீர்கள். பேஷாக இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954. எந்தெந்த நோய்களுக்குத் தீர்வு உண்டு என்று விளம்பரமே செய்யக் கூடாதோ அவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள், உடல் பருமன் அதில் இருக்கிறது. முதல் முறை மாட்டினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். எழுபது வருடமாக இப்படி ஒரு சட்டம் இருக்கும் நாட்டில்தான் தினமும் ராத்திரி அந்தப் பெண் இடப்பக்கம் சோகமாகவும் வலப்பக்கம் சந்தோஷமாகவும் நிற்கிறாள். சமர்த்தர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இது மருந்தே இல்லை, உணவு என்கிறார்கள். உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று எழுத மாட்டார்கள், 'எடை மேலாண்மைக்கு உதவும்' என்பார்கள். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் கம்பீரமாக இருக்கும். அந்த எண், இன்ன நிறுவனம் உணவுப் பொருள் தயாரிக்க உரிமம் பெற்றிருக்கிறது என்பதற்கு அடையாளம். மிக்சர் பாக்கெட்டிலும் அதே மாதிரி எண் உண்டு. மிக்சர் தின்றால் இளைக்கும் என்று அதற்குப் பொருளா? உணவைப் பற்றிப் பொய் விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. டிவி நிலைய விளம்பரக் கட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதி வைத்துக்கொள்ளும் செலவு.

மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கை வந்து, நோட்டீஸ் போகும்போது அந்தப் பெயரில் சரக்கே இருக்காது. டப்பா நிறம் மாறி, பெயருக்குப் பின்னால் ஒரு 'பிளஸ்' சேர்ந்திருக்கும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சோதித்து, அமெரிக்காவில் 2007-இல் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி பெற்ற ஒரு மாத்திரை உண்டு, ஆர்லிஸ்டாட். தின்ற கொழுப்பில் ஒரு பங்கைக் குடல் உறிஞ்ச விடாது, அது அப்படியே பின்வழியாக எண்ணெயாய் வந்துவிடும், சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல். ஆரம்பத்தில் கறுப்பு பேன்ட் போடுங்கள், ஆபீசுக்கு மாற்றுடை எடுத்துப் போங்கள் என்று விற்ற கம்பெனியே சொன்னது. இத்தனை அவஸ்தைக்கும் பலன்? இதைவிட வீரியம் கூடிய, டாக்டர் சீட்டில் தரும் அளவில் நான்கு வருடம் தின்றவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களைவிடச் சராசரி 2.8 கிலோதான் கூடுதலாகக் குறைந்தார்கள். இந்த மெய்யான மருந்தின் யோக்கியதையே இவ்வளவு. முப்பது நாளில் பதினைந்து கிலோ என்பவனை அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

எல்லாம் தெரிந்தும், ஒன்று தின்று பார்ப்போமே, என்ன ஆகிவிடும் என்பவர்கள் இருக்கிறார்கள். ஹைட்ராக்ஸிகட் என்று அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த சரக்கை 2009 மே மாதம் நிறுத்தச் சொன்னபோது, அரசின் கையில் 23 கல்லீரல் பாதிப்புப் புகார்கள் இருந்தன, அதில் ஒன்று மரணம். கொடம்புளிச் சாறு மாத்திரையால் கல்லீரல் கெட்டு மாற்று அறுவை வரை போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்கு வந்தவரிடம் டாக்டர், "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். பொய் சொல்லவில்லை. அது மாத்திரை இல்லை, உணவு, இயற்கை என்றுதானே காசை வாங்கினான்? ரீல்ஸ் டாக்டர் அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்க மாட்டார். "ஒரு சுற்று குறைச்சா நல்லா இருப்பே" என்று பந்தியில் சொன்ன அத்தை இருப்பார், ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக.

இப்போது எடை குறைக்கும் செமக்ளுடைடு ஊசி வந்து, அதற்கு டாக்டர் சீட்டும் கணிசமான காசும் வேண்டும் என்றானதும், நம் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 'ஊசிக்கு இயற்கையான மாற்று' என்று பெர்பெரின் கிளம்பியிருக்கிறது. என்னவோ ஏதோ என்று பயப்பட வேண்டாம், நம் நாட்டு மருந்துக் கடையில் மூலையில் கிடக்கும் மரமஞ்சளில் உள்ள சரக்குதான். மறுபடியும் நம் பெருமை. மரமஞ்சளை விற்கிற அண்ணாச்சிக்குத் தன் கடைக்கு வந்திருக்கும் இந்த யோகம் இன்னும் தெரியாது. தெரிந்த அன்றைக்கு அவரும் ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கிவிடுவார்.