பச்சை விளக்கு எரிந்தால் போதும்

வீட்டில் உட்கார்ந்தபடி ஆபீஸ் டேட்டாபேஸைத் தொட வேண்டும். ஃபயர்வால் விடாது. நடுவில் ஒரு சர்வரைப் பிடித்து எஸ்எஸ்எச் டனல் போட்டால் விடும். கறுப்புத் திரையில் முழ நீளக் கட்டளை அடித்த காலம் மலையேறிவிட்டது. இதற்கென்றே டெஸ்க்டாப் ஆப்கள் வந்துவிட்டன: நாலு கட்டத்தை நிரப்பிச் சுவிட்சைத் தள்ளினால் பச்சை விளக்கு. உங்களிடமும் ஒன்று இருக்கும். அதைத் தப்பாகத்தான் பயன்படுத்துகிறீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தப்பில் ஓர் ஒழுங்கு இல்லை. இன்றைக்குச் சரிசெய்துவிடுவோம்.

1. பெயர் வைக்காதீர்கள்.

ஆப்பே ‘நியூ டனல்’ என்று ஒரு பெயர் போட்டுத் தரும். அப்படியே விடுங்கள். அடுத்தது ‘நியூ டனல் 2’. மூன்றாவதைப் புதிதாகப் போடாமல் இரண்டாவதையே காப்பி எடுங்கள்: ‘நியூ டனல் 2 காப்பி’. எதன் மறுமுனையில் டெஸ்ட் டேட்டா, எதில் வாடிக்கையாளரின் லைவ் டேட்டா என்பது உங்கள் மனசுக்குத் தெரிந்தால் போதும். திங்கட்கிழமை காலையில் மனசு கொஞ்சம் குழம்பும். குழம்பட்டும்.

2. போர்ட்டுகளை ஒட்டி ஒட்டி வையுங்கள்.

65535 வரை எண்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதற்காக டெஸ்ட் டேட்டா இருக்கும் ஸ்டேஜிங்குக்கு 15432, லைவுக்கு 25432 என்று தள்ளித் தள்ளி வைத்து ஊதாரித்தனம் செய்யாதீர்கள். போஸ்ட்கிரெஸின் வழக்கமான எண் 5432. அதில் உங்கள் லேப்டாப்பிலேயே ஒன்று ஓடுகிறது. ஆகவே ஸ்டேஜிங் 5433, லைவ் 5434. அடுத்த வாரம் ஒரு நாள், அந்த போர்ட் ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது என்று ஆப் முரண்டு பிடிக்கும். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்காமல் இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போடுங்கள்.

இதன் பலன் டேட்டாபேஸ் கிளையன்ட்டைத் திறந்தால்தான் தெரியும். டனலின் அழகே அதுதானே, எங்கோ கிடக்கிற சர்வர் உங்கள் மடியிலேயே இருப்பதாகத் தோன்றும். மூன்று இணைப்புக்கும் ஹோஸ்ட் கட்டத்தில் ‘லோக்கல்ஹோஸ்ட்’. மூன்றிலும் அதே யூசர், அதே டேபிள்கள். டிபீவர் மாதிரி கிளையன்ட்டுகளில் லைவ் இணைப்புக்குத் தனி நிறம் கொடுக்கும் வசதி உண்டு. கண்ணை உறுத்தும், வேண்டாம். இப்போது நிபந்தனை எதுவும் போடாமல் தைரியமாக ஒரு டெலிட் அடியுங்கள். கிளையன்ட் நேர்மையானது, எத்தனை வரி போயிற்று என்று கீழே பொடி எழுத்தில் சொல்லிவிடும். ஸ்டேஜிங் டேபிளில் மொத்தமே நாற்பது வரிதானே இருந்தது என்கிற ஞாபகம் மிகச் சரியாக அந்த நேரத்தில் வரும். ஆட்டோ கமிட் என்று ஒரு சுவிட்ச் இருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

3. மறுமுனைக் கட்டத்தில் கண்டதையும் போட்டுப் பாருங்கள்.

அங்கே எழுதும் முகவரியைத் தேடிப் போவது உங்கள் லேப்டாப் அல்ல, நடுவில் இருக்கும் சர்வர். அதனால் அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்த சர்வரையே குறிக்கும். இது புரிந்துவிட்டால் டனல் முதல் தடவையிலேயே வேலை செய்துவிடும், பிறகு என்ன சுவாரஸ்யம்? லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1, பழைய மெயிலில் கிடைத்த ஏதோ ஒரு ஐபி என்று மாற்றிக்கொண்டே இருங்கள். ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளும். ஏன் என்று கேட்காதீர்கள்.

4. விளக்கை மட்டும் நம்புங்கள்.

பச்சை என்றால் இரண்டே விஷயம்: நடு சர்வரில் லாகின் ஆகிவிட்டது, உங்கள் லேப்டாப்பில் ஒரு போர்ட் காத்திருக்கிறது. அதற்கு அப்பால் டேட்டாபேஸ் இருக்கிறதா என்று யாராவது போய்த் தட்டும் வரை டனலுக்கே தெரியாது. டேட்டாபேஸை வேறு மெஷினுக்கு மாற்றியாயிற்று என்று போன மாதமே மெயில் வந்திருந்தாலும் விளக்கு பச்சைதான். லாக் ஜன்னலில் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வரி வரியாக ஓடும். ஜன்னலை மூடுங்கள். விளக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து டேட்டாபேஸ் டீமுக்கு அனுப்புங்கள்: ‘சார், என் பக்கம் டனல் அப்லதான் இருக்கு. உங்க பக்கம் கொஞ்சம் பாருங்க.’ பாவம், பார்ப்பார்கள். மதியச் சாப்பாடு வரை உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

லேப்டாப்பை மூடித் திறந்தால் இன்னும் விசேஷம். இணைப்பு செத்திருக்கும், விளக்கு சாகாது. ஓப்பன் எஸ்எஸ்எச்சில் ‘சர்வர் அலைவ் இன்டர்வல்’ எதுவும் செய்யாவிட்டால் பூஜ்யம். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அது தானாக விசாரிக்காது. அதை 30 வினாடி என்று வைத்தால், மூன்று முறை பதில் வராதபோது, ஒன்றரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். பூஜ்யத்தைத் தொடாதீர்கள். உறைந்து நிற்கும் கிளையன்ட்டை முறைத்துவிட்டு, ‘சர்வர் ரொம்ப ஸ்லோ’ என்று குரூப்பில் போடுங்கள்.

5. தாராளமாகத் திறந்து வையுங்கள்.

பக்கத்து சீட்டுக்காரர், ‘ஏம்ப்பா, உன் டனல் வழியா நானும் ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?’ என்பார். உங்கள் பக்கத்து முகவரிக் கட்டத்தில் 127.0.0.1 என்று இருப்பதை 0.0.0.0 ஆக்குங்கள். அவர் பார்ப்பார். அதே வைஃபையில் இருக்கிற மற்றவர்களும் பார்க்கலாம். அவர் வேலை முடிந்ததும் மறக்காமல் மறந்துவிடுங்கள். சாயங்காலம் அதே லேப்டாப்போடு காபி கடைக்குப் போங்கள்.

இதுவும் போதாதென்றால் ரிமோட் ஃபார்வேர்டிங் இருக்கிறது: உங்கள் மெஷினில் ஓடுவதை சர்வர் வழியாக வெளியே காட்டலாம். ‘கேட்வே போர்ட்ஸ்’ என்ற அமைப்பு இயல்பாகவே ‘நோ’ என்றிருப்பதால், சர்வர் அதைத் தனக்குள் மட்டுமே வைத்துக்கொள்ளும். அதை ‘யெஸ்’ ஆக்குங்கள். யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கிறீர்களா? இணையத்தில் திறந்து கிடக்கும் போர்ட்டுகளைத் தேடித் தருவதற்கென்றே 2009 முதல் ஷோடன் என்றொரு தேடுபொறி இருக்கிறது. 2017 தொடக்கத்தில், பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து கிடந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்களை ஆயிரக்கணக்கில் துடைத்துவிட்டு, பிட்காயின் கேட்டுச் சீட்டு எழுதி வைத்துப் போனார்கள். நம்முடையது டெவலப்மெண்ட் சர்வர்தானே என்று சொல்லிக்கொள்ளுங்கள். லைவ் டேட்டாவை அதில் காப்பி எடுத்து வைத்தது யார் என்பது வேறு விஷயம்.

6. எச்சரிக்கை வந்தால் ‘யெஸ்’.

1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதால்தான் டாட்டு யூலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். நடுவில் ஆள் புகுந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே சர்வரின் அடையாளம் மாறியதும் அது பெரிய எழுத்தில் கத்துகிறது. கத்தட்டும். ஆப்பின் செட்டிங்கில் ஹோஸ்ட் கீ சரிபார்ப்பை ஒரேயடியாக அணைத்துவிட்டால் எந்த சர்வரும் உங்கள் சர்வரே.

7. சாவிக்குக் காவல் வேண்டாம்.

பிரைவேட் கீக்கு பாஸ்ஃபிரேஸ் வைத்தால் தினமும் அடிக்க வேண்டும். வெறுமனே விடுங்கள். டீமில் புதிதாக ஆள் சேர்ந்தால் தனி கீ உருவாக்குவது வீண் வேலை. டனல் அமைப்பையும் உங்கள் கீயையும் ஒரே ஜிப்பில் கட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். அன்றிலிருந்து சர்வர் லாகில் எல்லாரும் நீங்கள்தான். நள்ளிரவு இரண்டு மணிக்கு எதையோ அழித்தவரும் நீங்கள்தான்.

8. வேலையை விடும்போது.

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யுங்கள், கடமை முடிந்தது. உங்கள் பப்ளிக் கீ அந்த சர்வரின் ‘ஆதரைஸ்டு கீஸ்’ ஃபைலில் ஒரு வரியாக அப்படியே கிடக்கும். அதை எடுக்கச் சொல்லி யாரிடமும் மூச்சு விடாதீர்கள். வரியின் கடைசியில் உங்கள் யூசர் பெயரும் பழைய லேப்டாப்பின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வருஷம் கழித்துப் புது அட்மின் அதைப் பார்ப்பார். யார் என்று தெரியாது. டெலிட்டில் விரல் வைப்பார். எடுத்து எதுவும் நின்றுபோனால் யார் பதில் சொல்வது, எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவிடுவார். அவருக்கும் இந்தக் குறிப்புகளை அனுப்பி வையுங்கள்.