முத்து போச்சு, சாவி இருக்கு!

கேள்வி: போர்த்துக்கீசியர் தூத்துக்குடிக்கு வந்தது மதம் பரப்பவா, முத்து எடுக்கவா? (ஒரு வாசகர், திரேஸ்புரம்)

பதில்: முத்து எடுக்கவா? தண்ணீரில் இறங்கியது அவர்களா என்ன! மூச்சடக்கி முங்கியது நம்ம ஊர் ஆட்கள். துரைமார் கரையில் நின்று பங்கு வாங்கினார்கள்.

1530-களில் முத்துக்குளித்துறையில் கடலோடிகளான பரதவருக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் சச்சரவு முற்றியது. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். கிடைத்தது, கூடவே ஞானஸ்நானமும். 1535-37க்குள் சுமார் 20 ஆயிரம் பேர் மதம் மாறியதாகக் கணக்கு. அவர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கப் பிரான்சிஸ் சவேரியார் வந்ததோ 1542-ல். தாலி கட்டி ஐந்தாறு வருஷம் கழித்து மந்திரம் ஓத வந்த மாதிரி! ஆனால் பின்னால் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழ் படித்து, 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். அதற்கு மட்டும் ஒரு கும்பிடு போடலாம்.

1658-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டண்டுகள், பரதவரைத் தங்கள் பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். பீரங்கி கைமாறியது, மாதா மாறவில்லை. டச்சுக்காரர் இருக்கும்போதே 1713-ல் பனிமய மாதாவுக்குப் புதுக்கோயில் எழும்பியது. (தூத்துக்குடி வெயிலில் பனி மாதா! அம்மாவுக்குத்தான் எவ்வளவு பொறுமை.)

போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை? பர்னாந்து, மச்சாது போன்ற பெயர்கள். அப்புறம் அலமாரி, சாவி, ஏலம் என்று சில சொற்கள். உள்ளே வைத்துப் பூட்டவேண்டிய முத்துதான் கப்பலேறிவிட்டது.