தர்பூசணி விழுங்கிய டீச்சர்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு டீச்சர் உண்மை பேசிவிட்டார். விசாரணை நடந்தது.

இடம் மந்தாரக்குப்பம். தனியார் பள்ளி. பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஒரு பள்ளிக்குத்தான் கோபம் வரும். சொல்லாவிட்டால் எல்லாப் பள்ளிக்கும் வரும். டீச்சர் எங்கள் தெருவில் குடியிருந்தவர். அழாமல் சிரித்துக்கொண்டே சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு பையன் கேட்டிருக்கிறான். "மிஸ், வயிறு வலிக்குதா? எப்பப் பாத்தாலும் கை வெச்சுக்கிறீங்க." டீச்சருக்கு ஐந்தாம் மாதம். இனிமேல் புடவை மடிப்பு காப்பாற்றாது. "வலிக்கல கண்ணு. உள்ள பாப்பா இருக்கு" என்றார். வகுப்பே எழுந்து நின்றது. நாம பாடறது பாப்பாவுக்குக் கேக்குமா என்றாள் ஒருத்தி. அது எப்படி மூச்சு விடும் என்றான் ஒருவன். (பத்தாம் வகுப்பில் கேட்டால் பெஞ்சு மேல் ஏற்றிவிடும் கேள்வி.) மறுநாள் ஒரு குழந்தை பாதி முறுக்கைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்தது, பாப்பாவுக்கு. ஒரு வாரம் வகுப்பில் சத்தமே இல்லையாம். பாப்பா தூங்குது, கத்தாதே என்று ஒன்றையொன்று அடக்கிக்கொண்டன. நாலு வருடமாக ஸ்கேலால் மேசையைத் தட்டியும் கிடைக்காத அமைதி.

அது பொறுக்கவில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அப்பா கொதித்தார். "சின்னப் பசங்ககிட்ட பேசற பேச்சா இது?" அவர் கொதித்த அதே கைபேசியில்தான் அவர் மகன் ராத்திரி பத்து மணிவரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறான். அதில் ஓடுவதெல்லாம் தேவாரம் போலும்.

கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டார். "இதெல்லாம் கிளாஸ்ல சொல்ற விஷயமாம்மா? பசங்க கெட்டுப்போயிட மாட்டாங்க?" இவர் பள்ளி ஆண்டு விழாவில் இதே இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தைகள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு குத்துப்பாட்டுக்கு இடுப்பை வெட்டுவார்கள். முன்வரிசை சோபாவில் சால்வையோடு உட்கார்ந்து தொடையில் தாளம் போடுபவர் இவர். அப்போது யாரும் கெடுவதில்லை. ஒன்ஸ்மோர் கேட்கிறார்கள்.

நம் வீடுகளில் இதற்கென்றே காலகாலமாக ஒரு பதில் உண்டு. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்." கேட்ட பிள்ளை ராத்திரியெல்லாம் தலையணையை நனைக்கும். பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து சிரிப்பார்கள். அது விளையாட்டு. "உள்ள பாப்பா இருக்கு" என்றால் ஆபாசம்.

இதே பள்ளி வருடா வருடம் பிள்ளைகளைத் திருச்சி மலைக்கோட்டைக்குச் சுற்றுலா அழைத்துப்போகிறது. அங்கே தாயுமானவர் சன்னதி. காவிரி வெள்ளத்தில் பெற்ற தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். இக்கரையில் நிறைமாதப் பெண் துடித்தாள். சிவபெருமானே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். கதையை வரிசையில் நிற்கவைத்துச் சொல்கிறார்கள். பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சாமி பிரசவம் பார்க்கலாம். டீச்சருக்குப் பிரசவம் ஆகக்கூடாது.

இத்தனைக்கும் இது எதையும் மூடிவைக்கத் தெரியாத ஊர். 1957ல் நேரு வந்து நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைத் தொடங்கிவைத்த நாளிலிருந்து பூமியின் வயிற்றைக் கிழித்துக் காட்டிக்கொண்டிருக்கிறோம். மேல்மண்ணை மலையாகக் கொட்டியாயிற்று. அடியில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக இறைத்தாயிற்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுகிறோம் என்று பச்சை நெல்லின் மேலேயே இயந்திரத்தை ஏற்றினார்கள். ஊர் பார்த்தது, டி.வி. பார்த்தது, பிள்ளைகளும் பார்த்தார்கள். குழந்தைகள் மனசு என்ன ஆகும் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் கேட்கவில்லை.

ஒழுக்கத்தில் ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். சம்பளத்தில்.

"ஏழாம் மாசத்தோட நின்னுக்கங்கம்மா. உடம்பு முக்கியம். அப்புறம் பாத்துக்கலாம்." கனிவான குரல். மேசைமேல் வெள்ளைத்தாள். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேறுகால உதவிச் சட்டம் வந்தது 1961ல். 2017ல் திருத்தி, 12 வார விடுப்பை 26 வாரமாக்கினார்கள். முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தாலே போதும், சம்பளத்தோடு விடுப்பு. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது குற்றம். ஆகவே விடுப்புக்கு முன்பே அவரையே எழுத வைத்துவிட்டால்? 26 வாரச் சம்பளம் ஒரே வரியில் மிச்சம். நாலு வருடம் அந்தப் பள்ளிக்குத் தொண்டை கிழியக் கத்தியவருக்குப் பிறக்கப்போகும் குழந்தை, பள்ளியின் பதிவேட்டில் ஒரு 'சொந்தக் காரணம்'. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. பள்ளியில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதி கிடையாதாம். பள்ளியில்!

தனியார் அப்படித்தான், அரசுப் பள்ளியில் சேர்ந்திருக்கலாமே என்பீர்கள். வாருங்கள் தருமபுரிக்கு.

அங்கே ஓர் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை. முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். விவாகரத்து ஆனது. பிள்ளைகள் தகப்பனிடம். 2018ல் மறுமணம் செய்தார். 2021ல் கருவுற்று விடுப்புக் கேட்டார். கல்வித்துறை விதிப்புத்தகத்தைப் புரட்டியது. உயிரோடு இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால்தான் மகப்பேறு விடுப்பு. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் நடந்தது இது. அதே ஆகஸ்டில்தான், அரசுப் பெண் ஊழியர்களின் பேறுகால விடுப்பை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்தி, தாய்மையைப் போற்றும் அரசு என்று மாலை வாங்கிக்கொண்டார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2022 மார்ச்சில் விடுப்புக் கொடு என்றார். பெற்றுக்கொண்டு போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. மேல்முறையீடு. செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அரசு பக்கம் சாய்ந்தது. அவர் டெல்லிக்குப் போனார். அங்கேயும் நம் அரசு நிதிச்சுமையையும் சிறு குடும்பக் கொள்கையையும் தூக்கிக்கொண்டு போய் நின்றது. ஒரு டீச்சரின் சில மாதச் சம்பளத்தைக் காப்பாற்ற எத்தனை வக்கீல், எத்தனை விமானம், எத்தனை கோப்பு! அந்தச் செலவுக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கே மகப்பேறு பார்த்திருக்கலாம். 2025 மே 23 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகாவும் உஜ்ஜல் புயானும் தீர்ப்புச் சொன்னார்கள். பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் அடக்கம், விடுப்பைக் கொடு என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் குழந்தை எல்.கே.ஜி. விண்ணப்பம் வாங்கும் வயதுக்கு வந்திருக்கும். அது பிறப்பதற்குக் கேட்ட விடுமுறை அப்போதுதான் சாங்ஷன்.

இதற்கு நடுவே ஒரு கல்யாண மேடை. 2025 மார்ச், நாகப்பட்டினம். புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார் முதல்வர் ஸ்டாலின். மெதுவாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று முன்பு சொன்னோம், இப்போது அப்படிச் சொல்ல முடியாது என்றார். ஏனென்றால் தொகுதி மறுவரையறை வருகிறது. தலை குறைந்தால் எம்.பி. குறைவார். முந்தைய அக்டோபரில் அறநிலையத்துறை நடத்திய திருமண விழாவிலும் பதினாறும் பெறுவதைப் பற்றிப் பேசிச் சிரிக்கவைத்தார். அந்த நாட்களில் உச்ச நீதிமன்றத்தில் அவரது அரசின் வாதம் என்ன? மூன்றாவதற்கு விடுப்பில்லை, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்த வேண்டும். நாகப்பட்டினத்தில் பெறு. டெல்லியில் பெறாதே. தொகுதிக்குப் பிள்ளை தேவை. விடுப்புக்கு அந்தப் பிள்ளை அதிகப்படி.

நீதிமன்ற வளாகமாவது பாதுகாப்பு என்று நினைத்த ஒரு பெண்ணும் உண்டு. குடவாசலில் நீதிமன்ற அலுவலக உதவியாளர். அவர் விடுப்புக் கேட்டபோது அங்கிருந்த நீதித்துறை நடுவர் குழந்தையை விட்டுவிட்டுக் கல்யாணத்தை விசாரித்தார். பதிவு செய்யவில்லையே, தாலி கட்டும் முன்பே கரு உண்டாகியிருக்கிறதே என்று மறுத்தார். விரல்விட்டு மாதம் எண்ணுவது திண்ணைக் கிழவிகளின் வேலை என்றல்லவா நினைத்திருந்தோம். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கண்டித்து, அந்தப் பெண்ணுக்கு 1 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

வங்கியையும் சொல்லிவிடுகிறேன். 2022ல் முதலில் ஸ்டேட் வங்கி, பிறகு நம் சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியன் வங்கி. புதிதாக வேலைக்குத் தேர்வான பெண் மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருந்தால் 'தற்காலிகத் தகுதியின்மை'. நோட்டு எண்ணுவதற்கு வயிறு தட்டையாக இருக்க வேண்டும். நாடே காறித் துப்பிய பிறகு ஸ்டேட் வங்கி சுற்றறிக்கையை நிறுத்திவைத்தது.

வெள்ளைக்காரன் ஊரில் இதெல்லாம் கிடையாது என்று பெருமூச்சு விடவேண்டாம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து பள்ளி வாரியம் 1952லிருந்து ஒரு விதி வைத்திருந்தது. கர்ப்பிணி ஆசிரியை பிரசவத்துக்கு ஐந்து மாதம் முன்பே வீட்டுக்குப் போய்விட வேண்டும். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை திரும்பக்கூடாது. சம்பளமும் கிடையாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏன் இந்த விதி என்று தோண்டியபோது வந்த பதிலைக் கேளுங்கள். வயிறு வெளியே தெரிந்தால் பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரிப்பார்களாம், டீச்சருக்குச் சங்கடமாம். வர்ஜீனியாவில் இதே மாதிரி விதி வைத்திருந்த இன்னொரு வாரியத்தின் உறுப்பினர், எங்க டீச்சர் தர்பூசணி முழுங்கிட்டாங்க என்று பிள்ளைகள் சொல்வார்கள், அது பள்ளிக்கு நல்லதல்ல என்றே கருதினார். இந்த மகத்தான காரணமும் தீர்ப்பின் அடிக்குறிப்பில் ஏறியிருக்கிறது. 1974ல் விதியைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். குப்பையிலிருந்து அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து மந்தாரக்குப்பத்தில் தூசி தட்டியிருக்கிறார் நம் கரஸ்பாண்டென்ட்.

அங்கும் பழி பிள்ளைகள் மேல்தான். பிள்ளைகள் சிரிப்பார்கள், பிள்ளைகள் கெடுவார்கள். சிரித்த பிள்ளை எங்கே? முறுக்கு கொண்டுவந்த பிள்ளையைத்தான் நான் கேள்விப்பட்டேன்.

ஒரு டீச்சர் உண்டாகியிருப்பது யாருக்கெல்லாம் தெரிய வேண்டும் என்று பாருங்கள். முதலில் அரசுக்கு. கரு உண்டானதும் பதிந்து பிக்மி எண் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். கிராம செவிலியருக்கு. தலைமையாசிரியருக்கு. சி.இ.ஓ. அலுவலக கிளார்க்குக்கு. கருவூலத்துக்கு. சண்டை வந்தால் தனி நீதிபதிக்கு, அமர்வுக்கு, உச்ச நீதிமன்றத்துக்கு. அரசின் சமுதாய வளைகாப்பில் கர்ப்பிணிகளை வரிசையாக மேடையில் உட்காரவைத்து, மைக் பிடித்து, அமைச்சர் வளையல் போட, ஆளுயரப் பேனர் கட்டி, பத்திரிகைக்குப் போட்டோவும் கொடுப்பார்கள். இப்படி ஊருக்கும் உலகத்துக்கும் ஒலிபெருக்கியில் சொன்ன சேதி, அந்த வயிற்றுக்கு மூன்றடி தூரத்தில் தினமும் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கு மட்டும் தெரியக்கூடாது.

அவர்கள் பத்தாம் வகுப்பு வரும்போது அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் வரும். படத்தோடு வரும். "இது ஈஸிதான், நீங்களே படிச்சுக்கங்க" என்று ஆசிரியர் பக்கத்தைப் புரட்டுவார். பரீட்சையில் கேள்வி வந்தால் மார்க் உண்டு. வாயால் கேட்டால் டி.சி. உண்டு. 2007ல் வளரிளம் பருவக் கல்வியை மகாராஷ்டிரமும் கர்நாடகமும் மத்தியப் பிரதேசமும் போட்டிபோட்டுத் தடை செய்தன. நாம் அவ்வளவு சிரமப்படுவதில்லை. பாடத்தில் வைத்துவிட்டு நடத்தாமல் விடுகிறோம். செலவில்லாத தடை.

டீச்சர் தாளில் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பதிலாக வந்த பெண்ணிடம் பிள்ளைகள் முதல் நாளே கேட்டிருக்கிறார்கள். "பாப்பா வந்துடுச்சா மிஸ்?" அவருக்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்கள். "எந்தப் பாப்பா? அந்த மிஸ் ஊருக்குப் போயிட்டாங்க. கணக்கு நோட்டை எடுங்க." பிள்ளைகள் எடுத்தார்கள். இப்போது யாரும் யாரையும் அடக்குவதில்லையாம். ஸ்கேல் திரும்பவும் மேசையில் தட்டிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கேட்டில் புது பேனர். வழவழவென்று ஓர் அம்மா, மடியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை, இரண்டும் எங்கோ வெளிநாட்டில் எடுத்த படம். 'தாயன்புடன் கூடிய கல்வி! எல்.கே.ஜி. சேர்க்கை நடைபெறுகிறது.' அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி. 'ஆசிரியைகள் தேவை. திருமணமாகாதவர்களுக்கு முன்னுரிமை.'