தலைவர் வரலாறு: விரைவில்

திருத்தணிக்குப் புகழ் பாடுவது புதிதல்ல. அருணகிரிநாதர் இந்த மலைக்குத் திருப்புகழ் பாடிவிட்டுப் போனார். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியான 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'வை மாயாமாளவகௌளையில் இங்கேதான் பாடினார் என்று சங்கீதக்காரர்கள் சொல்வார்கள். பாவம், இருவருக்கும் விவரம் போதாது. சாமியின் பெருமை முழுக்க உள்ளே இருக்கிறது. பாடியவரின் படம் இல்லை, செல் நம்பர் இல்லை. தீட்சிதராவது முத்திரை என்று ஒன்று வைத்தாரே என்று பார்த்தால், அங்கேயும் 'குருகுஹ' என்று முருகனையே வைத்திருக்கிறார்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர்கள்தாம் அபிமான நடிகருக்கு இணையதளம் கட்டும் நம் ஊர்த் தம்பிகள். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்த காலத்திலேயே தொடங்கிய திருப்பணி இது.

ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். கேட்காமலே அறிமுகப் பாட்டு அலறும்; நிறுத்த வழி இருக்காது. தலைவர் பாட்டை நிறுத்த நினைப்பவன் அங்கே வந்திருக்கவே கூடாது, நியாயம்தான். மேலே தலைவர் படம், ஸ்டாம்பு அளவில். அடக்கமானவர் என்பதை வேறு எப்படிக் காட்டுவது? அதற்குக் கீழே தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர் என்று மன்ற நிர்வாகிகள் கூலிங் கிளாசோடு பெரிதாக நிற்பார்கள். 'வரலாறு' என்ற பக்கத்தைச் சொடுக்கினால் மஞ்சள் தொப்பிக்காரர் ஒருவர் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டே இருப்பார்: 'விரைவில்'. முதல் படத்தை இயக்கியவர் யார், கேமரா பிடித்தவர் யார், வசனம் எழுதியவர் யார் என்ற அற்ப விஷயங்களுக்கு இடம் தந்து தளத்தைக் கெடுப்பதில்லை. வசூல் கணக்கு மட்டும் தயாரிப்பாளருக்குத் தெரியும் முன்பே பைசா சுத்தமாக வந்துவிடும்.

படத்தொகுப்பு இன்னும் உயர்வு. வார இதழின் நடுப்பக்கத்தை ஸ்கேன் செய்து போட்டிருப்பார்கள். தலைவர் நெற்றியில் ஸ்டேப்ளர் பின் பளபளக்கும். அதன்மேல் மன்றத்தின் பெயரைக் குறுக்கே அடித்து, யாரும் காப்பி எடுத்துவிடாதபடி மௌசின் வலது பொத்தானையும் பூட்டிவைப்பார்கள். அடுத்தவர் பொருளை இவ்வளவு பத்திரமாக யார் காப்பாற்றுவார்கள்? விருந்தினர் ஏட்டில் மதுரை, மலேசியா, கனடா என்று எங்கிருந்தோ வாழ்த்துகள் குவிந்திருக்கும். எல்லோரும் ஒன்றுபோல 'வாழ்துக்கள்' என்றே எழுதியிருப்பார்கள். உலகத் தமிழரிடையே இப்படி ஒரு ஒற்றுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் மாநாடு கூட்டி, கணினித் தமிழை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எழுத்துரு ஆளுக்கொன்றாக இருந்த அந்த நாளில் தம்பிகளின் தளம் வெறும் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் தெரிந்தது. அந்தக் காலத் தளங்களில் பிழையே இல்லாதிருந்தது அப்போது மட்டும்தான்.

டிசம்பர் 31 அன்று திருத்தணி மலையில் 365 படிகளுக்கும் பூஜை நடக்கும். பஜனைக் கூட்டம் படிப்படியாகத் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறும். எத்தனை நேரம், எத்தனை கால்வலி! தம்பிகள் தளத்தில் ஒரே சொடுக்கில் உச்சிக்குப் போய்விடலாம். அங்கே மன்றத் தலைவர் அருள்பாலிப்பார்.

எல்லைப் பிரச்சினையையும் தீர்த்துவைத்தார்கள். ம.பொ.சி. ஆண்டுக்கணக்கில் போராடியதில், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தின் பக்கம் வந்தது. தம்பிகளுக்கு ஒரு பிற்பகல் போதும். பொங்கலுக்குத் தமிழ் நாயகனுக்குக் கட்டிய தளத்தில் படத்தை மட்டும் மாற்றினால் சங்கராந்திக்குத் தெலுங்கு நாயகனின் தளம் ஆயிற்று. 'ஏழைகளின் இதயம்' இருவருக்கும் அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்துகிறது.

2012இல் வெப்சட்னி என்ற விளம்பர நிறுவனத்தார், தேசிமார்ட்டினி தளத்துக்காக ரஜினிக்கு ஒரு தளம் செய்தார்கள். இணைய இணைப்பைத் துண்டித்தால்தான் அந்தத் தளத்துக்குள் உலவ முடியும். ரஜினியால் முடியாதது எதுவுமில்லை என்னும் நகைச்சுவைத் துணுக்குகளின் தர்க்கத்தையே தளத்தின் வாசற்கதவாக மாட்டிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நம்மவர்கள் ஒரு படி மேல். இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே ஒன்றும் இருக்காது.

தலைவரே வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். அஜித் 2011இல் மன்றங்களைக் கலைத்தார். 2021 டிசம்பரில் 'தல' என்றும் கூப்பிடாதீர்கள் என்றார். சொன்ன பேச்சைக் கேட்பது சாதாரண ரசிகனின் வேலை. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், தம் பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடினால் போதும் என்றாராம். அதையும் அப்படியே ஏற்றுக்கொண்டது நாடு. மன்றம் வைக்கத் தெரியாத நாடு.

ஜியோசிட்டீஸில் இலவசமாக இடம் பிடித்துக் கட்டிய கோயில்களை எல்லாம் யாஹூ 2009 அக்டோபரில் மூடிவிட்டது. நகல் எடுத்துவைக்கும் அளவுக்கு நம்மவர்கள் அவநம்பிக்கைக்காரர்கள் அல்லர். காசு கொடுத்து முகவரி வாங்கியவர்களோ, கட்டவுட்டுக்குப் பால் வாங்கும் அவசரத்தில் ஆண்டுக் கட்டணத்தை மறந்துபோனார்கள். கைமாறிய அப்படிப்பட்ட முகவரிகளில் இப்போது சூதாட்டக்காரர்கள் கடை விரித்திருக்கிறார்கள். எழுத்து தெளிவாக இருக்கிறது, பாட்டு அலறுவதில்லை, கேட்ட பக்கம் உடனே திறக்கிறது.